வலைக் கயிற்றில் கட்டிய செடி

ரூமானாவுக்கு அந்தப் பூ புது இனமாக இருந்தே தீர வேண்டும். சிதம்பரத்தில் தாவரவியல் பாடம் நடத்துகிறவள் இப்படி ஆசைப்படக் கூடாதுதான். ஆனால் அவளோடு ஒரே வகுப்பில் ஆர்க்கிட் படித்துவிட்டு இன்று தோஹாவில் கடை பார்க்கும் கணவன் நசீர் போனில் சொல்லிவிட்டானே. "புது இனம்னா சொல்லு, வேலைய வுட்டுட்டு வந்துடறேன். ரெண்டு பேருமா பேரு வைக்கலாம்."

கடலூர் முதுநகரில், பூட்டிக் கிடக்கும் அவன் வீட்டுக் கொல்லை மாமரத்தில் அது பூத்திருந்தது. ஊரெங்கும் மரங்களில் தொற்றி வளரும் பழுப்பு வாண்டா ஆர்க்கிட்டின் உதட்டிதழ் அதற்கு. நிறமும் அளவும் மலையில் வளரும் சின்ன மஞ்சள் வாண்டாவுடையவை. இரண்டுக்கும் பிறந்த கலப்பு என்று அவள் மாணவர்களே சொல்லிவிடுவார்கள். ரூமானா விடுவாளா? கலப்பு என்றால் தாயும் தகப்பனும் வண்டு பறக்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும், இந்தக் கடற்கரையில் மஞ்சள் வாண்டாவுக்கு எங்கே போவது என்று தன்னோடு தானே வழக்காடினாள்.

இருந்தாலும் புது இனம் என்று எழுதி அனுப்பும் முன் சுற்றியுள்ள மரங்களைப் பார்க்காமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிணற்றடியில், புயலில் முறிந்த வேம்பின் அடிமரம் நின்றது. அதைச் சுற்றி நீல வலைக் கயிறு. கயிற்றுக்குள் காய்ந்த வேர்கள்.

அவள் குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் நசீர் கொல்லிமலையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் வாண்டா அது. நார்க் கயிறு மக்கிவிடும் என்று துறைமுகத்தில் வலைக் கயிறு வாங்கி வந்து அவன் கட்ட, அவள் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூக்காமலே செத்தது என்று நினைத்திருந்தாள். வீடு பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு வருஷம் யாரும் பார்க்காமல் பூத்திருக்கிறது.

அவன் வந்து இறங்கிய பிறகு சொன்னால் என்ன என்று பாழும் மனசு கேட்டது. கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து போன் போட்டாள்.

"மச்சான், அது புது இனமில்ல. கலப்புதான். நீங்க வேம்புல கட்டுனது பூத்திருக்கு."

"நீ அனுப்புன போட்டோவ பாத்தப்பவே தெரியும் ரூமானா," என்றான். "வேம்பும் ஞாபகம் வந்துச்சி. வர்றதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணுமில்ல."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. இத்தனை நாளாக ஒரே சாக்கை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இப்ப லீவு கேட்டா என்னன்னு சொல்றது?" என்றான்.

அவள் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது அவிழவில்லை. மாமரத்துப் பூவை நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ளைய பாக்கப் போறேன்னு சொல்லுங்க."