ஐந்து வாட்தானே

1

இந்தக் கதை என் விருப்பத்தில் பிறந்ததல்ல. தங்கை கேட்டாள், எழுதுகிறேன். அவள் கேட்டதும் கதையல்ல, ஒரு பக்கக் கட்டுரை. வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் செய்து பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவள் அதில் உறுப்பினர். ஆண்டுக்கொரு முறை கையேடு போடுவார்கள். முதன்முதலாகக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் சிறியதாக, பாதுகாப்பானதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அதில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால் நானே எழுத வேண்டுமாம்.

கட்டுரை ஏன் கதையாயிற்று? கட்டுரையில் பொய் சொன்னால் பிடிபடும். கதையில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். அங்கே ஒரு சொல்லை அடித்தால், அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. ஆகவே நான் கைவிட்ட வாக்கியங்களும் உங்கள் கண்ணில் படும். பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பொறுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

'எங்கள் தந்தையார் மின் ஆய்வாளர். அவர் கையெழுத்திட்ட எந்தக் கட்டடத்திலும் இன்றுவரை ஒரு விபத்தும்'

(அடித்தேன். பொய்யில்லை. தங்கை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டாள்: "அப்பா இந்தக் கதைல என்ன செய்யறார்?")

இரண்டாம் தொடக்கம்:

'என் தங்கை ஒரு நாள் கவனக்குறைவாக'

(அடித்தேன். இதற்கு அவள் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.)

பாத்திரமாக இவள் எனக்குத் துளியும் ஒத்துழைக்கவில்லை. இந்தக் கதைக்குப் பொருத்தமான தங்கை அவசரக்காரியாக இருந்திருக்க வேண்டும். இவளோ கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். தலைமுடி அளவு பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும் என்று மறுபடி தீட்டுகிறவள். ஐம்பத்து நான்கு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ளப் போனாள். இந்த வயதில் எதற்கு என்றேன். "இந்த வயசுல வேற யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்லைண்ணா" என்றாள். கணவர் போன பிறகு அவள் என்னோடுதான் இருக்கிறாள். பிறகு, வாசிக்கிற கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயரைத் தானே செய்யப்போவதாகச் சொன்னாள். மின் ஆய்வாளர் மகள் செய்யக்கூடியதுதான் என்று எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வினை அந்தப் பெருமையில்தான் தொடங்கியது.

3

உதிரிபாகக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதுதான் முதல் தடவையா? ஆம் என்றாள். உடனே உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையை எடுத்து வைத்தார். ஒரு சிப், ஒன்பது வோல்ட் பேட்டரி, மூன்று விரற்கடை அகலத்தில் ஸ்பீக்கர். அரை வாட். சுவரில் செருகும் கம்பியே கிடையாது. தப்பாகச் சேர்த்தால் சிப் சூடாகும், அவ்வளவுதான். ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க இந்தச் சத்தம் தாராளம் என்றார்.

(கையேட்டுக்காரர்கள் கேட்ட கட்டுரை இந்தப் பத்தியிலேயே முடிந்துவிட்டது. அவசரமுள்ளவர்கள் இதோடு எழுந்து போகலாம்.)

எனக்கோ மானம் போயிற்று. அரை வாட்! மின் ஆய்வாளர் வீட்டில் பேட்டரி போட்ட பொம்மையைச் செய்து வைத்துக்கொண்டு நாலு பேருக்கு எப்படிக் காட்டுவது? மேல்தட்டில், பாகங்களை உதிரியாகப் போட்டு விற்கும் ஒரு கிட் பெட்டி இருந்தது. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு போட்டது. சிறியதுதான், ஐந்து வாட் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. எங்கள் படுக்கையறை விடிவிளக்கே ஐந்து வாட். இதைவிடச் சாது உண்டா?

கடைக்காரர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். மூன்று வரைவுகளில் இதை விட்டிருந்தேன்.

"ஐயா, வெளிய வர்றதுதான் அஞ்சு வாட்டு. உள்ள முந்நூறு வோல்ட் நிக்கும். மொதல் தடவைக்கு வேணாம்."

எங்கள் அப்பா யார் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. அவரா இதத் தொடப்போறார்?"

அவர் சொன்னதில் ஐந்து மட்டும் என் காதில் ஏறியது, முந்நூறு ஏறவில்லை. தங்கைக்கு இரண்டும் ஏறின. சின்னதையே எடுத்துக்கொள்ளலாம் என்று என் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள். கடையில், மூன்றாம் மனிதர் முன்னால்! நான் பெட்டியை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

4

பன்னிரண்டு நாள் வேலை. சாப்பாட்டு மேசை அவள் வசமாயிற்று. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் குச்சியை அவள் பிடித்த நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. நான் பெட்டியோடு வந்த படத்தைப் பார்த்து வாசிப்பேன், அவள் பொருத்துவாள். முடிவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது சின்ன மின்தடைத் துண்டு, மிஞ்சியது. எங்கோ விட்டுப்போயிருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம் என்றாள். அதிகப்படியாக ஒன்று போட்டிருக்கிறார்கள், கண்ணியமான கம்பெனி என்று சொல்லி நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

(படத்தில் அது கடைசித் தாளின் மடிப்பில் இருந்தது. நான் மடிப்பைப் பிரிக்கவில்லை. பெட்டியை அணைத்த பிறகு கண்டென்சரில் தங்கும் மின்சாரத்தை மெல்ல வடித்துவிடுவதுதான் அதற்கு வேலை. கண்டென்சர் ஒரு குட்டித் தொட்டி. குழாயை மூடினாலும் தொட்டியில் நிரம்பியது அங்கேயே இருக்கும். இது எனக்குப் பின்னால் சொல்லப்பட்டது. சொன்னவர் கடைக்காரர். சொல்லும்போது சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.)

5

இனி அப்பா வருகிறார். என்ன செய்கிறார் என்று கேட்டாளே, இதுதான்.

எங்கள் வீட்டில் எந்த மின்சாதனத்தையும் திறக்குமுன் ஒரு முறை உண்டு. தொடப்போகிறவர் "பொணமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் பிளக்கைப் பிடுங்கி, தூக்கிக் காட்டி, "பொணம்" என்று சொல்ல வேண்டும். மின்சாரம் செத்துவிட்டது, தொடலாம் என்று பொருள். அப்பா ஏற்படுத்தியது. இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, மேசை விளக்கு எல்லாவற்றுக்கும் இதே. ஒருமுறை ஜன்னல் வழியே காதில் விழுந்து எதிர்வீட்டுக்காரர் துக்கம் கேட்க வந்துவிட்டார். அப்பா அவரை உட்கார வைத்து, பழுதான ரேடியோவைக் காட்டினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம். வால்வுகளைச் செருகாமல் முதலில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும்படி பெட்டியோடு வந்த தாளில் சொல்லியிருந்தது. கொடுத்தோம். புகையில்லை, வாடையில்லை. அணைத்தோம். உள்ளே ஒரு கம்பி லேசாக விலகி நிற்பது போலிருக்கிறது என்று தங்கை குனிந்தாள். குனிந்தவள் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பொணமா?"

'அவள் கேட்பதற்குள் நான் எச்சரிக்க வாயெடுத்தும்' (அடித்தேன்.)

'அவள் கேட்க மறந்துவிட்டாள்' (அடித்தேன். பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.)

நான் பிளக்கைப் பிடுங்கினேன். தூக்கிக் காட்டினேன்.

"பொணம்" என்றேன்.

அவள் இடது கையை உள்ளே விட்டாள். சத்தம் பெரிதாக இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்தது, அவள் முழங்கை சுவரில் மோதியது. ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் வெள்ளையாக இரண்டு புள்ளிகள். தந்தியை அழுத்துகிற விரல்கள். அவள் அழவில்லை. என் கையில் தொங்கிக்கொண்டிருந்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைக் கீழே போடாமல் நின்றேன்.

வலது கை மறுபக்கம் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் ஊன்றியிருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போயிருக்கும் என்றார் மருத்துவர். அந்தக் கை மடியில் இருந்தது. தற்செயல்.

6

முடிவுக்கு வருவோம். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் கிட் கம்பெனிமேல் பழி. அப்படி எழுதினால் குடும்பப் பெயர் தப்பும். ஆனால் அந்த ரெசிஸ்டரைக் கம்பெனி ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தது.

இரண்டில் பழி முழுவதும் என்மேல். மகன் அரைகுறை, தந்தை அப்பழுக்கற்றவர். இதில் எனக்கு ஒரு தியாகக் களையும் கிடைத்தது. வாசித்துக் காட்டினேன். என்னைப் பார்க்காமல், விரல் கட்டைப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"உங்க தப்பு ரெசிஸ்டரு. சரி. பிளக்கைப் பிடுங்கினா பொணம்னு சொல்லிக்கொடுத்தது யாரு?"

அப்பா காலத்தில் நம் வீட்டுச் சாமான்களுக்கு அது போதுமாக இருந்தது என்றேன்.

"அதையே எழுதுங்க."

வெளியாள் இருநூறு பேர் படிக்கிற கையேட்டில், அப்பா சொன்னது தப்பு என்று என் கையால் எழுதுவதா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

"அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆச்சுண்ணா. அவருக்கு இனிமே ஷாக் அடிக்காது. படிக்கிறவங்களுக்கு அடிக்கும்."

மூன்றாம் முடிவை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. அது ஒரே வரி: எங்கள் தந்தையார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெட்டிக்குப் போதாது. (அடிக்கவில்லை. இரண்டு முறை பேனாவை வைத்து எடுத்தேன். மைப்புள்ளி தெரியும்.)

7

இது முடிவென்று நினைத்தேன். அவள் விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே மேசை. இடையில் அந்த அரை வாட் பொம்மையை வாங்கி வந்து செய்து முடித்து, விரல் ஆறியதும் அதில்தான் வாசிக்கிறாள். நன்றாகத்தான் கேட்கிறது, வேறென்ன சொல்ல. ஆனால் செய்த வேலையைப் பாதியில் போடுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று இப்போது என்னிடமே சொல்கிறாள். என் சட்டைப் பையிலிருந்து ரெசிஸ்டரை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டாள். அதைப் பொருத்த, போன தடவை தொட்ட அதே இரண்டு முனைகளைத் தொட வேண்டும். வால்வுகளைச் செருகாமல், பெட்டிக்கு ஒரு நிமிடம் மின்சாரம் கொடுத்து இப்போதுதான் அணைத்தாள். தொட்டி நிரம்பட்டும் என்று, வேண்டுமென்றே.

நான் இதை மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பிளக் என் இடது கையில். அவள் ஒரு கையை எதிலும் படாதபடி உடையின் பைக்குள் விட்டு வைத்திருக்கிறாள். மறு கையில் வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்புக் குச்சி. கறுப்பை முன்பே பெட்டியின் சட்டத்தில் கவ்வ வைத்துவிட்டாள்.

"பொணமா?" என்று கேட்கிறாள்.

ஐம்பது ஆண்டுகளாக ஒரு நொடி யோசிக்காமல் நான் சொன்ன பதில் தொண்டைவரை வந்து நிற்கிறது.

"தெரியாது" என்கிறேன்.

அவள் குச்சியை வைக்கிறாள். மீட்டரில் எண் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது.

அதை எழுத மாட்டேன். தங்கையும் வற்புறுத்தவில்லை. எழுதினால் என் எண்ணை நம்பி உங்கள் பெட்டிக்குள் கை விடுவீர்கள், நாங்கள் எங்கள் அப்பாவை நம்பி விட்டதைப் போல. மேசை உங்களுடையது, பெட்டி உங்களுடையது, முடிவும் உங்களுடையது. அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையால்.