புதன்கிழமை அத்தோ

ஒருவனை வெட்ட வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கத்தி, ஆள், வண்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான். காசிமேட்டில் இந்த வேலைக்கு ஸ்கெட்ச் போடுவது என்று பெயர். பயந்து நடக்கிறவனைத் தனியாகச் சிக்கவைத்தாலும் வெட்டுவது கஷ்டம், அவனுக்கு உடம்பெல்லாம் கண். அதே ஆள் தனக்குப் பிடித்த இடத்தில் பிடித்ததைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால், பின்கழுத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பான்.

எத்திராஜை அப்படித்தான் முடித்தார்கள். சனிக்கிழமையானால் அவனுக்குச் சலூனில் போய் உட்கார வேண்டும். சவரம் செய்துகொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டச் சொல்ல வேண்டும். ஊரையே நடுங்க வைத்த ஆள், அந்த நாற்காலியில் மட்டும் கைக்குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொள்வான். முகத்தில் சோப்பு நுரை காய்வதற்குள் மூன்று பேர் உள்ளே நுழைந்தார்கள். கண்ணாடி முழுக்க ரத்தம். சலூன்காரர் சவரக்கத்தியைக் கையில் பிடித்தபடியே ராயபுரம் வரைக்கும் ஓடிப்போய்விட்டார். முதல் வெட்டு யாருடையது என்பதில் இன்றைக்கும் தகராறு உண்டு. இரண்டாவது வெட்டு ரஞ்சித்துடையது, அதில் தகராறு இல்லை.

கேஸ் நிற்கவில்லை. கூண்டில் ஏறிய சாட்சிகள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: தெரியாது. ரஞ்சித் புழல் ஜெயிலிலிருந்து வெளியே வந்தான், அதற்கப்புறம் கத்தியைத் தொடவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் மூட்டை இறக்கப் போனான். ஆனால் எத்திராஜுக்குத் தீனா என்று ஒரு தம்பி இருந்தான். அண்ணன் செத்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். பையன்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பது ரஞ்சித்துக்குத் தெரியாதா என்ன.

ரஞ்சித்துக்கு வாழ்க்கைப்பட்டு இதில் மாட்டிக்கொண்டவள் ஜெயஸ்ரீ. காசிமேடு துறைமுகத்தில் கட்டையும் கத்தியும் வைத்து மீன் வெட்டிக் கொடுக்கிறவள். பேரம் பேசுகிற சாக்கில் இடுப்பைக் கிள்ளிய ஒருவனை முழு பாரை மீனால் கன்னத்தில் அறைந்து, அதே மீனைக் கழுவிச் செதில் எடுத்து வேறு ஆளுக்கு விற்றவள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் எலி மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டாள். விம்கோ நகரில் ஒற்றை அறை வீடு. ரஞ்சித் ஒரே வழியில் இரண்டு நாள் வேலைக்குப் போக மாட்டான். நின்றுகொண்டே சாப்பிடுவான். குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட மாட்டான், கண்ணை மூட வேண்டுமே. லுங்கி கட்ட மாட்டான், ஓடத் தோதில்லை என்று ராத்திரியும் பேண்ட் போட்டுக்கொண்டே படுப்பான். கல்யாணமான புதிதில் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வருகிறவன் அவன். பக்கத்தில் படுத்திருப்பது தன் புருஷனா, கதவுக்குக் காவல் நிற்கிறவனா என்று அவளுக்குப் பல நாள் அழுகை வந்திருக்கிறது.

அவளுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த மாதிரி ஆட்களைக் கட்டிக்கொண்ட பெண்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், புருஷன் எங்கே என்றால் தெரியாது. இழவுச் சேதி சொல்ல வந்தாலும் தெரியாது. ஜெயஸ்ரீ வருஷக்கணக்காக அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி, சில சமயம் அவளுக்கே அவனைத் தெரியாமல் போய்விட்டது.

அப்புறம்தான் அத்தோ வந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் ரஞ்சித் மழைக்கு ஒதுங்கி, விம்கோ நகர் ரோட்டோரத்தில் மஜீது பாயின் தள்ளுவண்டித் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறான். பாயின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. நூடுல்ஸில் முட்டைகோஸும் பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் போட்டு, புளித்தண்ணீர் விட்டு, தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து கொடுப்பார், அதுதான் அத்தோ. கூடவே கொதிக்கக் கொதிக்க வாழைத்தண்டு சூப். சும்மா நிற்கக் கூச்சப்பட்டுத்தான் ஒரு தட்டு வாங்கினான். வாயில் வைத்தவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூண்டு வாசத்தோடு சிரித்தான்.

"ஜெயா, அந்த சூப்பு கீதே, தொண்டைல எறங்கசொல்ல உள்ள யாரோ தடவிக் குடுத்த மாரி கீதுடி."

அடுத்த புதன்கிழமையும் போனான், அதற்கடுத்ததும் போனான். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் அடைத்து, அதை ஒரே வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வான் என்று மஜீது பாய் ஜெயஸ்ரீயிடம் சொன்னார். ஒரு புதன்கிழமை ராத்திரி ரஞ்சித் லுங்கி கட்டிக்கொண்டு படுத்தான். ஜெயஸ்ரீ அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். அற்பத்திலும் அற்பம், ஒரு தட்டு நூடுல்ஸ். அதற்குப் போய் ஒரு பொம்பளைக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்றால், வரும். அவளோடு அந்த வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

சந்தோஷம் வாயில் நிற்காது. துறைமுகத்திலிருந்து அவளையும் கூடையையும் ஏற்றிப்போகிற ஆட்டோக்காரன் ஜெனிஷ் நல்ல பிள்ளை, அக்கா அக்கா என்று உயிரை விடுவான். ஒரு நாள் அவன், "இன்னாக்கா, மொகம் பளபளன்னு கீது" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிப் பழகிய வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது. "எங்க வூட்டுக்காரரு இப்போ புதங்கெழமயானா பாய் கடைல குந்திக்கினு அத்தோ துன்றாருடா. கண்ண மூடிக்கினு துன்றாராம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கம்கூட வந்தது. ஜெனிஷ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை. வெயில் தாழ்ந்து, ஜெயஸ்ரீ கடைசி வஞ்சிரத்தைத் துண்டு போட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெனிஷ் வந்து நின்றான். கூடையை எடுக்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை.

"யக்கா, நீ இன்னிக்கு அந்தப் பக்கம் போவாத. உங்க அம்மா வூட்டாண்ட போய் இரு."

"எந்தப் பக்கம்டா?"

"அதான்... பாய் கடப் பக்கம்."

அவள் கத்தியைத் துடைப்பதை நிறுத்தினாள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்கெட்ச் என்றால் என்னவென்று புருஷன் வீட்டிலேயே அவள் கற்றுக்கொண்டிருந்தாள். இந்த ஸ்கெட்சைப் போட்டுக் கொடுத்தது அவளுடைய வாய்.

"யார்கிட்டடா சொன்ன?"

"தீனா தோஸ்துங்கக்கா. சும்மா பேச்சுவாக்குல கேட்டானுங்க. அப்பால தான் எனக்கே..."

அவன் முடிக்கவில்லை. மயிரைக் கொத்தாகப் பிடித்து அவனை ஆட்டோவுக்குள் தள்ளி, பின்சீட்டில் ஏறி, வஞ்சிரம் வெட்டிய கத்தியை அவன் காதுக்குக் கீழே வைத்தாள். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த இருதயம்மாள் எழுந்தவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"ஓட்டு. எங்கனா நின்னே, செதிலெடுத்துடுவேன்."

திருவொற்றியூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஜெனிஷ் அழுதுகொண்டே ஓட்டினான். பிளாட்பாரத்தில் ஏற்றினான், ஒரு பழக்கடையின் தட்டியைப் பெயர்த்தான், எதிரில் வந்த பைக்குக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். வண்டி குலுங்கியதில் கத்தி அவன் கழுத்தில் கோடு போட்டு, சட்டைக் காலர் சிவந்தது. ஜெயஸ்ரீ அதைப் பார்த்தாள், கையை எடுக்கவில்லை. போனில் ரஞ்சித்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது அவன் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை. அதையும் அவள்தான் சந்தோஷமாக ஊருக்குச் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால்.

ரஞ்சித் உயிரோடு இருந்தான். லுங்கி கட்டிக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து, தட்டில் கடைசி வாயை வழித்துக்கொண்டிருந்தான். அவள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிய்யா. தீனா வரான். நாந்தான் ஒளறிட்டேன், நாந்தான் சொல்லிப்புட்டேன். எந்திரி."

அவன் எழவில்லை. "தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"போன வாரமே எதுத்தாப்புல பைக்ல ஒர்த்தன் நின்னுக்கினு இருந்தான். நானும் அந்த வேல பண்ணவன்தான, கண்ணப் பாத்தா தெரியாது?"

"தெரிஞ்சிக்கினேவா வந்தே?"

"வரலன்னா திரும்பவும் பேண்ட்ட மாட்டிக்கினு படுக்கணும் ஜெயா. என்னால ஆவாது." பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தான். "குந்து. சூப்பு ஆறிப்புடும்."

ஜெயஸ்ரீ அவனைப் பளாரென்று அறைந்தாள். உலகத்திலேயே இவ்வளவு ஆத்திரம் அவளுக்கு யார்மேலும் வந்ததில்லை, இவ்வளவு பாசமும் வந்ததில்லை. மறுபடி அறையக் கை ஓங்கியபோதுதான் பைக் சத்தம் கேட்டது.

இரண்டு பேர். பின்னால் இருந்தவன் வண்டி நிற்பதற்குள் குதித்தான். எத்திராஜின் அதே தாடை, மீசை மட்டும் சரியாக முளைக்கவில்லை. கையில் அரிவாள். ரஞ்சித் திரும்பிக் கையைத் தூக்கினான், முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் அத்தோ தட்டில் போய் விழுந்தன. மஜீது பாய் "யா அல்லா" என்று பின்வாங்கினார். ஜெயஸ்ரீ பாயின் சூப்புக் குண்டானை அடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கினாள். உள்ளங்கை வெந்தது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கொதிக்கிற சூப் முழுவதும் தீனாவின் நெஞ்சிலும் தோளிலும் போய்க் கொட்டியது. அவன் போட்ட அலறலில் பைக்கில் இருந்தவன் கியரைப் போட்டுப் பறந்துவிட்டான். தீனா வெறியில் அரிவாளைக் கண்மூடி வீசினான். அவள் குனிந்து, இடுப்பிலிருந்த கத்தியை உருவி அவன் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். பெரிய மீனில் எங்கே வைத்தால் துண்டு கழலும் என்று அறிந்த வெட்டு. அரிவாள் கீழே விழுந்தது, கூடவே அவனும் விழுந்தான்.

அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கத்தியைக் கழுத்தில் வைத்தாள். வெந்த தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒரு இழுப்பு போதும், எல்லாம் தீர்ந்துவிடும், இனி ஆயுசுக்கும் அவள் புருஷன் லுங்கி கட்டலாம். இழுக்கத்தான் போனாள்.

"வுடு ஜெயா" என்றான் ரஞ்சித். கையை லுங்கியில் சுற்றிப் பிடித்திருந்தான், லுங்கி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "அவங்க அண்ணன் கண்ண மூடிக்கினு இருந்தப்பதான் நான் வெட்டுனேன். இவனாவது கண்ணத் தொறந்துகினு போவட்டும்."

அவள் கத்தியை எடுத்தாள். தீனாவின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, ஆட்டோவைக் காட்டினாள். "டேய் ஜெனிஷு, இந்தக் கஸ்மாலத்தை ஆஸ்பத்திரில கொண்டுபோய்ப் போடு. அப்பால என் மூஞ்சில முழிக்காத." அதே ஆட்டோவில், கழுத்தில் கோடு விழுந்தவன் ஓட்ட, கையில் வெட்டுப்பட்டவன் பின்னால் சாய்ந்துகிடக்கப் போனார்கள்.

போலீஸ் வந்து கேட்டது. யார் வெட்டினார்கள் என்றால், மஜீது பாய் தெரியாது என்றார். ரஞ்சித் தெரியாது என்றான். ஜெயஸ்ரீ உள்ளங்கையில் கட்டோடு நின்று, தெரியாது என்றாள். அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் கடைசி.

காயம் ஆறுவதற்கு முன்பே அவர்கள் மறுபடியும் புதன்கிழமை கடைக்குப் போனார்கள். பாய் புதுக் குண்டான் வாங்கியிருந்தார், பணம் கொடுத்தால் திட்டினார். ரஞ்சித் பழையபடி ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். ஜெயஸ்ரீ அவனுக்கு எதிரில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். கூடை காலடியில், கத்தி கூடையில். அவனுக்கு வலதுகையில் கட்டுப் போட்டிருந்ததால், வெந்து உரிந்த தன் கையாலேயே அவள் ஊட்டிவிட்டாள். புளித்தண்ணீர் பட்டுக் கை எரிந்தது. முட்டையை அவன் வாயில் வைத்தபோது அவன் கண்ணை மூடினான். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மீதி வெங்காயத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நன்றாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்துத் துறைமுகத்தில் புது முகம் ஒன்று வந்து, சங்கரா மீனை அவளிடம் வெட்டக் கொடுத்தது. மெல்லிய மீசை, விலை கூடிய செருப்பு. அவள் செதில் எடுக்கும்போது குனிந்து சாதாரணமாகக் கேட்டான்.

"யக்கா, அண்ணன் இப்போல்லாம் எங்க கீறாரு? கண்ணுலயே படறதில்ல."

சுற்றிலும் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. இருதயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இவள் என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

"புதங்கெழமயானா விம்கோ நகர் மஜீது பாய் கடைல அத்தோ துன்னுக்கினு இருப்பாரு" என்றாள் ஜெயஸ்ரீ. "ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கினு, கண்ண மூடிக்கினுதான் இருப்பாரு. எதுக்க நான் ரோட்டப் பாத்துக்கினு குந்திக்கினு இருப்பேன். உன்ன அனுப்புனவன்கிட்ட போய் அப்படியே சொல்லு."

கத்தியை ஓங்கி ஒரே போடாகப் போட்டுச் சங்கராவைத் துண்டித்தாள்.

"தல வோணுமா, வாணாமா?"