மூன்று புள்ளிகளைக் காட்டிக் கொடுத்தவர்

எங்களுக்குள் ஒருத்தர்தான் சொல்லியிருக்க வேண்டும். லீக் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ரோலண்ட் மேஜைமேல் வைத்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மூன்று புள்ளிகள் பறிபோன விஷயம் இரண்டாவதாகத்தான் உறைத்தது. என் புத்தி அப்படிப்பட்டது, மறைப்பானேன்.

"எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதன் பேரில்" என்று ஆரம்பித்தது கடிதம். கொண்டுவரப்பட்டது என்றால் கொண்டுபோனவன் ஒருவன் இருக்கிறான். அவனை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் எங்கள் கமிட்டிக்காரர்கள்.

விஷயம் இவ்வளவுதான். மார்ச் மாதம் வெய்ன் என்று ஒரு முன்கள ஆட்டக்காரன் எங்கள் ப்ராட்லோ டவுன் கால்பந்து கிளப்பில் சேர்ந்தான். கடலோரத்திலிருந்த அவனுடைய பழைய கிளப்பில் கடைசியாக ஆடியபோது யாரையோ முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டை வாங்கியிருந்தான். அதற்கு மூன்று ஆட்டம் தடை. கிளப் மாறினாலும் தடை ஆளோடு கூடவே வரும். மார்ச் பன்னிரண்டாம் தேதி அவனை இறக்கினோம். இரண்டு கோல் அடித்தான், ஜெயித்தோம். அந்த வெற்றியின் மூன்று புள்ளிகளைத்தான் இப்போது பிடுங்கிக்கொண்டார்கள்.

"மூணு சனிக்கிழமை போச்சே! காலண்டரை வச்சு எண்ணினேனே!" என்றார் ரோலண்ட். அவர்தான் கிளப்பின் செயலாளர். முகத்தில் ஈயாடவில்லை.

"சனிக்கிழமையை யாருய்யா எண்ணச் சொன்னது? ஆட்டத்தை எண்ணணும்" என்று கத்தினார் பயிற்சியாளர். "அதுல ஒரு சனிக்கிழமை அவனோட பழைய கிளப்பு ஆடவே இல்லையாம். ரெண்டு ஆட்டம்தான் ஆயிருக்கு. மூணாவது நம்மளது. அதுல போயி அவனை எறக்கிட்டோம்!"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றான் வெய்ன், என்னைப் பார்த்து. "மூணு வாரம் சும்மா கெடன்னாங்க, கெடந்தேன்."

அவனை நான் நம்பினேன். எண்ணத் தெரிந்தவன் மாதிரி அவன் ஒருநாளும் இருந்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஈனிட். வாரநாளில் பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். மற்ற நேரமெல்லாம் கிளப்பின் ஆட்ட மலருக்குத்தான். உள்ளூரில் ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் வாசலில் விற்கும் பதினாறு பக்கச் சிறு புத்தகம் அது. இருபத்திரண்டு வருஷமாக எழுதுவது, தட்டச்சு செய்வது, பின் அடிப்பது எல்லாம் நான் ஒருத்திதான். எங்கள் அணியின் சரித்திரம், வந்திருக்கும் அணியின் சரித்திரம், புதிதாகச் சேர்ந்தவனின் முழு ஜாதகம், ஒன்றையும் விடமாட்டேன்.

அந்தச் சரித்திரம் தெரிந்ததனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம். 1887-ல் செங்கல் சூளைக்காரர்கள் ஆரம்பித்த கிளப் இது. களிமண் தோண்டிய பள்ளத்தை மூடி மைதானம் போட்டதால் இன்றைக்கும் ஒரு மூலை குளிர்காலத்துக்குக் குளிர்காலம் கீழே இறங்கும், லாரியில் மண் அடிப்போம். 1934-ல் கோப்பைப் போட்டிக்குப் பெரிய ஊர் அணி ஒன்று இங்கே வந்தது. நாலாயிரம் பேர் கூடினார்கள். ஏழுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்றைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். 1951-ல் பார்வையாளர் உட்காரும் மரக்கூரை எரிந்து போய்த் திரும்பக் கட்டினோம். இப்போது நல்ல வெயில் அடித்தால் நூற்றைம்பது பேர் வருவார்கள், ஏழெட்டு நாய்களும் வரும். ஆனால் 1921-ல் இந்த லீக்கில் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதில்லை. சீசனில் இன்னும் மூன்றே ஆட்டம் பாக்கி இருக்கையில், எங்களையும் பக்கத்து ஊர் ஸ்கெல்பியையும் வைத்துத்தான் யார் இறங்குவது என்ற கேள்வி இருந்தது. இந்த நேரம் பார்த்து எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அன்றைக்கே சந்தேகப்பட ஆரம்பித்தேன். டீ கொட்டகைக்காரி டாட்டி, இரண்டு மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன்? புல் வெட்டுகிற ஆள் புதுச் சைக்கிள் வாங்கியிருந்தான். எப்படி? ரோலண்டையே சந்தேகப்பட்டேன். தன் தப்பை எவனாவது தானே எழுதிப் போடுவானா என்று யோசித்து விட்டுவிட்டேன். பல் டாக்டரிடம் வந்தவர்களுக்கு அந்த வாரம் நான் கொடுத்த தேதியெல்லாம் தாறுமாறு.

கடைசியில் வில்ஃபிடம் வந்து நின்றேன்.

வில்ஃப் எங்கள் வாசல்காரர். சூளை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷமாகச் சுழல்கதவுக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஆளை உள்ளே விட்டு, கையில் ஒரு ஆட்ட மலரைத் திணிப்பவர். பெட்டியைப் பிரித்ததும் முதல் பிரதியை எடுத்து வரி விடாமல் படித்துவிடுவார். "நாலாம் பக்கத்துல ஒரு கால்புள்ளி கொறையுது, தாயே" என்பார். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். மனைவி போன பிறகு அவருக்கு அந்தக் கூண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

காரணங்களை அடுக்கினேன். வெய்ன் வந்ததால் அணியிலிருந்து வெளியே போனவன் நீல். அவன் வில்ஃபின் அக்கா மகன். அந்த அக்காவை ஸ்கெல்பியில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. இதற்கெல்லாம் மேலே, நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. மார்ச் இருபத்தாறாம் தேதி ஸ்கெல்பி எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பார்வையாளர் கூரைக்குப் பின்பக்கம் வில்ஃப் ஒருவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஸ்கெல்பியின் செயலாளர் ஆஷ்வெல். வில்ஃப் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"என்ன ரகசியம்?" என்று கேட்டேன் அப்போது.

"ஒண்ணுமில்ல. மழை வரும்னாரு. வராதுன்னேன்" என்றார் வில்ஃப்.

வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

ஏப்ரல் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை காலை, கமிட்டி கூடியது. ஏழு பேர். வில்ஃபும் அதில் ஒருவர். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீல், அக்கா, கூரைக்குப் பின்னால் பார்த்த காட்சி. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன் என்று.

ரோலண்ட் திரும்பினார். "என்ன வில்ஃப், ஆஷ்வெல்கூட பேசினியா இல்லையா?"

"பேசினேன்."

"வெய்னைப் பத்தியா?"

"ஆமா."

"அடப்பாவி!" என்றார் பயிற்சியாளர். "மருமவனுக்கு எடம் போச்சுன்னு கிளப்பையே குழி தோண்டிட்டியேய்யா!"

"நான் சொல்லல."

"அப்ப அந்தாளுக்கு எப்படித் தெரியும்? கனவு கண்டாரா?" இதைக் கேட்டது நான்தான்.

வில்ஃப் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் கள்ளத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். வாயைத் திறக்கப் போனவர் மூடிக்கொண்டார். பதில் இல்லாதவன் அப்படித்தான் முழிப்பான் என்று நினைத்தேன்.

அவரை நீக்குவதா என்று கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து கை எழுந்தது. முதலில் எழுந்தது என்னுடையது. டாட்டி மட்டும் தூக்கவில்லை. "முப்பது வருஷம்ப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். வில்ஃப் சாவியை மேஜையில் வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று, "கதவு ரெண்டாவது சுத்துல மாட்டிக்கும். முட்டியால ஒரு தட்டு தட்டணும்" என்றார்.

மூன்று ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தோம், ஒன்று சமன், ஒன்று தோல்வி. ஒரே ஒரு புள்ளியில் ஸ்கெல்பி தப்பியது, நாங்கள் இறங்கினோம். எழுபத்து மூன்று வருஷத்தில் முதல்முறை. கடைசி ஆட்டம் முடிந்ததும் ஆட்கள் கலைந்தார்கள். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அழுதுகொண்டே வில்ஃபை நினைத்துப் பல்லைக் கடித்தேன். சந்தைக் கடையில் ஒருமுறை எதிரே வந்தார், கையில் ரொட்டியும் ஒரு சின்னப் பால் பாட்டிலும். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் மாதம் லீக்கின் ஆண்டுக் கூட்டம். ஒரு ஹோட்டலின் மேல்மாடியில், எல்லா கிளப்காரர்களும் தட்டில் சாண்ட்விச்சோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஆஷ்வெல் நேராக என்னிடம் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, ரொம்ப மரியாதையான ஆள்.

"மேடம், நீங்கதான ப்ராட்லோ மலர் எழுதுறது? இந்த லீக்லயே அதான் உசத்தி. நான் அட்டை டு அட்டை படிச்சிருவேன்."

"சந்தோஷம்" என்றேன், வெடுக்கென்று.

"கோவம் இருக்கும். நியாயம்தான்" என்றார். "ஆனா நான் என்ன பண்ணட்டும்? நாங்க உங்க மைதானத்துக்கு ஆட வந்த அன்னிக்கு, அந்தப் பையனைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. பழைய கிளப்பு ஆடின ஆட்டம் ஒவ்வொண்ணும் தேதியோட. பிப்ரவரி பன்னெண்டு, சிவப்பு அட்டை. இருபத்தாறு, தரை உறைஞ்சதால ஆட்டம் ரத்து. பாதி ஆட்ட நேரத்துல டீ குடிச்சுக்கிட்டே, தடையில கழிஞ்ச ஆட்டங்களை விரல் விட்டு எண்ணினேன். ரெண்டுதான் வந்துது. திரும்ப எண்ணினேன், அப்பவும் ரெண்டுதான்."

என் தட்டிலிருந்து சாண்ட்விச் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்துக்காக அந்தக் கிளப்புக்கு நாலு தடவை போன் செய்தேன். அந்த ரத்தான ஆட்டத்துக்கு அவர்கள் தேதி சொல்லவில்லை, நான்தான் விடாமல் கேட்டு வாங்கினேன். என் விரலால் தட்டச்சு செய்தேன். ஊரில் புதுச் சைக்கிள் வாங்கியவனையெல்லாம் சந்தேகப்பட்டேனே, ஒரே ஒரு முறை, ஒரு நிமிஷம், என்னைச் சந்தேகப்படவில்லை.

"உங்க வாசல்காரர் கிட்ட அன்னிக்கே சொன்னேன்" என்றார் ஆஷ்வெல். "மனுஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. 'புகார் எழுதுறதுன்னா எழுதுங்க, உங்க உரிமை. ஆனா மலரைப் பாத்துக் கண்டுபிடிச்சோம்னு மட்டும் எழுதாதீங்க. அந்தம்மா தாங்க மாட்டாங்க'ன்னு கெஞ்சினாரு. நானும் அதை எழுதல. அவர் சௌக்கியமா?"

காலித் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கினேன்.

மறுநாள் காலை பல் டாக்டரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வில்ஃப் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். சவரம் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. "உள்ள வா. கெட்டில் போட்டிருக்கேன்" என்றார்.

டீ ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார். எனக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. அழுகையாக வரவேண்டியது எனக்குக் கோபமாகத்தான் வந்தது, எப்போதும் போல.

"யோவ், உனக்கு அறிவிருக்கா? எனக்குத் தெரியாமப் போச்சு. உனக்குத் தெரியுமில்ல? கமிட்டியில வாயைத் தொறந்து 'ஈனிட், நீ அச்சடிச்சதுதான்'னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? கல்லு மாதிரி உக்காந்திருந்தியே!"

"சொல்லணும்னுதான் வாயெடுத்தேன்" என்றார். "நீ என் பேரைச் சொல்லி முடிச்ச ஒடனே நான் உன் பேரைச் சொன்னா, அது பழிக்குப் பழி மாதிரி ஆயிருக்கும். எவன் நம்புவான்? நீயே நம்பியிருக்க மாட்ட."

உண்மைதான். நம்பியிருக்க மாட்டேன்.

"தப்பு என் மேல. கமிட்டியைக் கூட்டி எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். ஆகஸ்ட் மாச மொதல் மலர்லயும் எழுதுவேன், என் பேர் போட்டு. சாவி உன்கிட்ட வந்துரும். நீ திரும்பி வரணும் வில்ஃப்."

"எழுது. அது உன் இஷ்டம்" என்றார். "நான் வரல."

"ஏன்? மூணு புள்ளி போனதுக்கு நான்தான் காரணம்னு கோவமா?"

"சேச்சே" என்றார் வில்ஃப். "அந்தப் பக்கத்தை அன்னிக்குக் காலையிலயே படிச்சேனே, எனக்கே எண்ணத் தோணல. அதுல உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது." அவர் தன் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "முப்பது வருஷம் உள்ள வந்தவன் ஒவ்வொருத்தனையும் மூஞ்சியப் பாத்துதான் விட்டேன். யாரு எப்படின்னு தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். கடுதாசி வந்ததும், நான்தான் போட்டுக் கொடுத்தேன்னு கமிட்டியில யாராவது ஒருத்தர் என் பேரைச் சொல்லுவாங்கன்னு தோணிச்சு. ஒவ்வொருத்தரையா மனசுல ஓட்டிப் பாத்தேன், ஈனிட். உன்னை மட்டும் அதுல சேக்கவே இல்ல."