லோர்ட் செபஸ்தியாம்பிள்ளையின் சாரம்

கோட்டின் கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு, செலீனா பையிலிருந்து அப்பா இடுப்பில் சுற்றும் கட்டம் போட்ட சாரத்தை எடுத்தாள். டென்மார்க் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு உடுப்பு மாற்றும் அறை அது. வைலே நகரிலிருந்து வந்திருந்த அன்ரனி சித்தப்பா, காற்சட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“கோட்டுக்குச் சாரமோ? சனம் சிரிக்கப் போகுது, பிள்ளை.”

“சிரிக்கட்டும் சித்தப்பா. அப்பா லோர்ட் எல்லே.”

செபஸ்தியாம்பிள்ளை பிரபுவானது ஐம்பதாவது பிறந்தநாளில். கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் ஸ்கொட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கி, ‘லோர்ட்’ என்று அச்சடித்த பத்திரத்தோடு பரிசளித்தார்கள். ஒற்றைக் காலில் நிற்கத்தான் அந்தச் சீமை காணும். அவர் விடவில்லை, அதை வைத்தே அரசியலில் குதித்தார். அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சபைத் தேர்தலுக்குக் கறுப்புக் கோட்டும் இந்தச் சாரமுமாகப் போய், ஸ்கொட்லாந்துப் பிரபுக்களின் கட்டப் பாவாடைபோல இது எங்கள் வம்சத்துக் கட்டம் என்று டேனிஷில் அறிவித்தார். எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையை ஞாயிற்றுக்கிழமையும் திறப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். வயிறு குலுங்கச் சிரித்தவர்களே கையையும் உயர்த்தினார்கள். அறை திறந்தது. அதன்பிறகு சாகும்வரை அவரை அந்தக் கதிரையிலிருந்து ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

சித்தப்பாவுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால், அந்தத் திங்கட்கிழமைதான் வன்னியில் போர் முடிந்திருந்தது. அவருடைய மாமியார் வீட்டாரைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

“அங்க சனம் செத்துக் கிடக்குது. இஞ்ச பகிடியோடயோ இவரை அனுப்புறது?”

அவர் சொல்வதுதான் சரியோ என்று செலீனாவுக்கும் பட்டது. ஆனால், காற்சட்டையோடு படுத்திருப்பவரை அப்பா என்று எப்படி வழியனுப்புவது? அம்மாவைப் பார்த்தாள்.

சுவரோரம் இருந்த தாய் றஜனி தலையை நிமிர்த்தினாள்.

“தம்பி, அவர் காற்சட்டை போட்டது வேலைக்குப் போகத்தான். இப்பவும் வேலைக்கோ அனுப்புறியள்?”

சித்தப்பாவின் மீசை ஒருதரம் துடித்தது.

தாயும் மகளுமாகச் சாரத்தைக் கால் வழியே ஏற்றி இடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். செலீனா வாழ்நாளில் சாரம் கட்டியதில்லை. மடித்தாள், முறுக்கினாள், செருகினாள். கையை எடுத்ததும் அவிழ்ந்தது. மறுபடியும் அவிழ்ந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

சித்தப்பா காற்சட்டையைக் கதிரையில் போட்டார்.

“தள்ளு, பிள்ளை.”

இரண்டு பக்கமும் எட்டிப் பிடித்து, இழுத்து மடித்து, ஒரே முறுக்கில் செருகினார். அது நின்றது.

“இறுக்கமோ, அண்ணை?”

கேட்டுவிட்டு, விரலைச் செருகிய இடத்திலிருந்து எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.