மகனே என்ற சொல்

கார்லிஸ் டாக்கெட் ஏன் அடிக்கிறான் என்பது எனக்குப் பிடிபடவேயில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கச் சிறையில், புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுத்தருபவன் நான். என் பட்டறையில் அவனைவிடச் சாதுவான கைதி கிடையாது. "எஞ்சினுக்குத் தாலாட்டு பாடுறான் பாரு" என்று பக்கத்து மேசைக்காரன் சீண்டினாலும் சிரித்துக்கொள்வான். ஆனால் இரண்டு பேரை அடித்திருந்தான். சமையல்கூடப் பெரியவர், பாதிரியார். இருவருமே அவனிடம் பிரியமாக இருந்தவர்கள். இன்னொரு முறை கை நீட்டினால் அவன் பரோல் போய்விடும்.

எஞ்சின் நின்றுபோனால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்: எண்ணெய், தீப்பொறி, காற்று. அப்படியே இவனையும் பார்த்தேன். பசியா, வெயிலா, பின்னாலிருந்து யாராவது தொட்டால் வருகிறதா? எதுவும் பொருந்தவில்லை.

பரோல் விசாரணைக்கு முன் காவலர் ஹோபர்ட் அவனை வாழ்த்த வந்தார். அவர் தாடை உடைந்தது.

கார்லிஸிடமே கேட்டேன். "தெரியல சார். காது அடைச்சுக்கும். அப்புறம் பார்த்தா ஒருத்தர் கீழ கெடப்பாரு."

அவனைப் பார்க்க வந்த அக்கா வெர்னாவிடம் சொன்னேன். ஹோபர்ட் சரியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். 'நல்லா பேசு மகனே' என்றார், எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லாப் பையன்களையும் அப்படித்தானே கூப்பிடுவார்கள் என்றேன். அவள் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"அம்மா போனப்புறம் அப்பன்ங்கிற அந்தாளுகிட்டதான் வளர்ந்தோம். பெல்ட்ட உருவும்போது மட்டுந்தான் இவன மகனேன்னு கூப்பிடுவான். மத்த நாள்ல நாங்க தின்னோமா, இருக்கோமான்னுகூடப் பார்க்க மாட்டான்."

அவனைச் சிறைக்கு அனுப்பிய வழக்கும் அப்போது விளங்கியது. பத்தொன்பது வயதில், பசியில் ரொட்டி திருடும்போது பிடிபட்டான். கடைக்காரர் கோபப்படவில்லை. "என்ன வேணும் மகனே?" என்றுதான் கேட்டிருக்கிறார். அவருக்கு இன்றுவரை ஒரு கண் தெரியாது.

பரோல் குழுவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். காரணம் உண்மைதான், ஹோபர்ட்டின் தாடையும் உண்மைதானே என்றார்கள். பரோல் மறுக்கப்பட்டது. செய்தியைச் சொன்னபோது கார்லிஸ் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த திருகாணியை முடுக்கி முடித்தான்.

பிறகு காவலர், சமையல்காரர், பாதிரியார் என ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்: அவனை மகனே என்று அழைக்க வேண்டாம், கார்லிஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்படியே கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் யாரையும் அடிக்கவில்லை.