இரண்டு பெட்டித் தோட்டாவும் ஒரு கத்தரிக்கோலும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடை மேசையில் கிடைத்தது. ஆணி, மண்வெட்டி, மீன்தூண்டில், தோட்டா எல்லாம் விற்கிற கடை. நான் கதை சொல்வதில் கெட்டிக்காரன். இல்லாத அடக்கத்தைக் காட்டி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஆனால் தொடக்கம் மட்டும் மூன்று முறை சரியாக அமையவில்லை.

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்த காட்டில் ஒரு கலைமான் தலையைத் தூக்கி…"

(அடித்துவிட்டேன். மிச்சிகனின் வடகரையில் நவம்பர் மாதம் பனி பெய்தது என்பதை ஒரு புதுச் செய்திபோல எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.)

இரண்டாவது: "சைமாவுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை…"

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதை மறந்துவிட்டேன்.

2

சைமா லாஹ்டிக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி ரைபிள் கட்டையைத் தோளில் முட்டுக்கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேட்டையை விடச் சொல்லவில்லையே என்று சைமா அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துச் சுடுகிற, ஆறு தோட்டா கொள்ளும் நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வர் ஒன்றை வாங்கினாள். எடை குறைந்தது, அதனால் சுடும்போது கையில் உதை அதிகம்.

எந்தத் தோட்டா போடுவது என்று கடைக்கார வெய்னோவிடம் கேட்டாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வெய்னோ யோசிக்கவே இல்லை. மூக்கில் குழி வைத்த, எடை குறைந்த குண்டுப் பெட்டியை எடுத்து நீட்டினான்.

"இத எடுத்துக்கோ. கைக்கு இதமா இருக்கும். பட்டதும் பூவா விரியும்."

விரிந்தது. ஆனால் அந்த நவம்பரில் சைமா சுட்டபோது மான் சாய்வாக நின்றது. குண்டு தோள் எலும்பிலேயே விரிந்து சிதறி, நுரையீரல் வரை போகாமல் நின்றுவிட்டது. மான் ஓடியது. சைமா இரண்டு நாள் தேடினாள். ரத்தத் தடத்தின் மேல் பனி விழுந்து மூடிவிட்டது.*

* எங்கள் வேட்டைக் குடில்களில் ஒரு வழக்கம் உண்டு. குறி தவறியவனின் சட்டைப் பின்னோரத்தை ஒரு துண்டு வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். சைமாவின் கொழுந்தன் ரெய்னோவுக்கு மட்டும் அந்தச் சுவரில் நாலு துண்டு. ஆனால் சைமா குறி தவறவில்லையே. அடித்துவிட்டு மானைத் தொலைத்தவருக்கு என்ன செய்வதென்று வழக்கத்தில் இல்லை.

ரெய்னோ கூடக் கத்தரிக்கோலைத் தொடவில்லை. சைமாதான் தன் சட்டையைத் தானே வெட்டி, பெயர் எழுதாமல் ஆணி அடித்தாள்.

"இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா, இனி நான் காட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நவம்பரையும் தவறவிடாதவள் அவள்.

3

வெய்னோவிடம்தான் எனக்குச் சிக்கல். "வெய்னோ ஒரு அரைகுறை" என்று எழுதிப் பார்த்தேன். உங்களுக்கும் பிடித்திருக்கும், பழி போட ஓர் ஆள் கிடைத்தால் நிம்மதிதானே. ஆனால் அவன் ஏன் அந்தப் பெட்டியை எடுத்தான் என்று எழுதப் போனபோது பேனா…

சரி, சொல்லிவிடுகிறேன். வெய்னோ நான்தான்.

ரிவால்வரால் நான் மானைச் சுட்டதே இல்லை. பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படித்து ஒப்பித்தேன். மேசைக்குப் பின்னால் இருபது வருடம் நின்றவனுக்கு "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. அவ்வளவுதான் காரணம். இனியும் அவனை வெய்னோ என்றே கூப்பிடுகிறேன், திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

4

இந்த அக்டோபரில் சைமா கடைக்குள் வந்தாள். வெய்னோ இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்றில் குண்டின் எடை முந்நூறு கிரெய்ன், கெட்டி ஈயம், தட்டை மூக்கு. மற்றது இருநூற்று நாற்பது, முனையில் மட்டும் மெத்தென்ற ஈயம்.

"எது நல்லதுன்னு சொல்லமாட்டியா? போன வருஷம் வாய் நிக்கவே இல்லயே."

"கெட்டி ஈயம் எலும்பையும் ஒடச்சு அந்தப் பக்கம் வெளிய போயிடும்னு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் ரத்தம் விழும், தேடறது சுலபம். ஆனா உதைக்கும்."

"சொல்றாங்கன்னா யாரு? அதே பெட்டியா?"

சைமா கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"சுட்டது நான். எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்போ திரும்பு."

வெய்னோ திரும்பினான். கட்டம் போட்ட சட்டையின் பின்னோரம் கரகரவென்று போனது. புதுச் சட்டை. அவனுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆறுதலாக இருந்தது.

"பேரு எழுதணுமா?" என்றான்.

"என்னோடதுலயே எழுதல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்கட்டும்."

5

பிறகு இருவரும் ஊரார் சுட்டுப் பழகும் மணல் குழிக்குப் போனார்கள். கனமான குண்டுக்கு இப்படி ஒரு சோதனை உண்டு: ஆறு தோட்டா போட்டு ஐந்தைச் சுட வேண்டும், சுடாத ஆறாவதை எடுத்து அளக்க வேண்டும். உதைக்கிற உதையில் அதன் குண்டு பித்தளைக் கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்திருந்தால், காட்டில் என்றைக்காவது ரிவால்வரின் உருளை சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டாவது வெடி கிடையாது.

முந்நூறு கிரெய்ன் நகர்ந்திருந்தது. வெய்னோ இரண்டு முறை அளந்தான்.

இருநூற்று நாற்பது அசையவில்லை. காகிதத் தட்டில் நாற்பது அடி எடுத்து வைக்கிற தூரத்திலிருந்து ஆறும் விழுந்தன. அறுபதில் நாலுதான்.

"நாப்பதுக்கு மேல சுடமாட்டேன். தோள் எலும்பப் பாத்தும் சுடமாட்டேன், பக்கவாட்டுல நிக்கற வரைக்கும் காத்திருப்பேன்" என்றாள் சைமா. "ரெய்னோ கிண்டல் பண்ணட்டும்."

6

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) மான் முப்பது அடியில் விழுந்து கிடக்கிறது. (எனக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே இதை நம்பவில்லை.)

ஆ) ரத்தத் தடம் சதுப்பு வரை போய் நின்றுவிடுகிறது. சைமா ரிவால்வரைக் கொண்டுவந்து இந்த மேசையில்…

இதை எழுத முடியவில்லை.

இன்று நவம்பர் பதினைந்தாம் தேதி, வேட்டையின் முதல் நாள். ஊரே காட்டில், கடையில் ஈ காக்கை இல்லை. இந்த வரிகளை மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. சைமா உட்காரும் மேட்டில் சிக்னல் கிடைக்கும்.

"சுட்டேன்டா" என்றாள் கிசுகிசுப்பாக. "முப்பத்தஞ்சு அடி. பக்கவாட்டுலதான் நின்னுது. ஓடிடுச்சு. உடனே தொரத்தினா இன்னும் தூரமா ஓடும், அரை மணி நேரம் அசையாம உக்காந்திருக்கப் போறேன். கடைய விட்டுட்டு வா, தேட நாலு கண்ணு வேணும்."

ஓடுவது எல்லா மானும் செய்வதுதான். நெஞ்சில் சரியாகப் பட்ட மானும் ஓடும், படாத மானும் ஓடும்.

கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். தெரியாது. இருபது வருடத்தில் இந்த மேசைக்குப் பின்னால் நின்று அந்தச் சொல்லை இப்போதுதான் சொல்கிறேன்.

கோட்டைத் தேடுகிறேன். வெட்டுப்பட்ட சட்டைக்குள் முதுகில் குளிர் ஏறுகிறது. நீங்கள் இங்கேயே இருந்து கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பேனா இதோ இருக்கிறது. யாராவது வந்து மானுக்கு எந்தப் பெட்டி என்று கேட்டால், அட்டையில் இருப்பதைப் படித்துக் காட்டாதீர்கள். நான் வருகிற வரை இருக்கச் சொல்லுங்கள்.