முடியல

பின்னலை அவிழ்க்க என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

நீச்சல் வகுப்பில் சேர்த்தபோது, தொப்பிக்குள் முடி அடங்கட்டும் என்று அவளுடைய சித்தி தலை முழுக்கப் பொடிப்பொடியாகப் பின்னிவிட்டாள். சித்தி என்றால் என் மனைவியின் தங்கை. அந்த நீச்சல் குளத்தில் அவள்தான் பயிற்சியாளர். ஒரு மாதத்தில் அவிழ்த்துவிடச் சொல்லியிருந்தாள். இரண்டு மாதம் ஆகப்போகிறது. வேர்ப் பக்கம் முடி பஞ்சுபோலத் திரண்டிருந்தது. தலையில் குளத்து மருந்து வாடை. மகள் தூக்கத்திலும் சொறிந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் விட்டா சிக்கெடுக்க வராது மாமா. கத்தரிக்கோல்தான். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க," என்றாள் கொழுந்தி.

மகளிடம் சொன்னேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டவும் கூடாது. அவுக்கவும் கூடாது."

"வேற என்னதான் பண்றது?"

"இப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு அவுக்கலாம்."

"யார் கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை லஞ்சம் கொடுத்துச் சம்மதிக்க வைத்தேன். டேப்லெட்டில் கார்ட்டூன், வேலை முடிகிற வரைக்கும். குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். எண்ணெய், பெரிய பல் சீப்பு, தோளில் பழைய துண்டு. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். கேபிள் சிக்கெடுப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். வழி கேட்கக் கொழுந்தியைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்தேன்.

"என்ன தண்ணி சத்தம்?" என்றாள் கொழுந்தி. அவள் குளத்தருகே நின்றிருந்தாள்.

"முதல்ல நனைச்சுட்டா..."

"ஐயோ மாமா! ஒரு சொட்டு படக்கூடாது. அவுக்கறப்ப நனைஞ்சா கம்பளி மாதிரி இறுகிடும். முதல்ல சிக்கு, அப்புறம்தான் குளியல். எண்ணெயைத் தடவி நுனியிலேர்ந்து அவுத்துட்டு வாங்க. ஏய், முழங்காலை மடக்காதே! உங்களைச் சொல்லல."

விசில் ஊதினாள். மகள் சிரித்தாள். குழாயை மூடினேன்.

"சிக்குக்கு மேல முடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு கீழ சீவுங்க. இழுப்பு கையோட நின்னுடும், தலை வலிக்காது. மூச்சு விடு! மூச்சு விடு!"

"நானா?"

"நீங்களும்தான்."

முதல் பின்னல் நெளிநெளியாக அவிழ்ந்தது. சீப்பை விட்டேன். சீப்போடு முடி வந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கொத்து. அடுத்த பின்னலிலும் அப்படியே. துண்டில் சிட்டுக்குருவிக் கூடு அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

மகள் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த டேப்லெட்டில் கார்ட்டூனை நிறுத்தினாள். அதை அவளாக நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"அப்பா."

"ம்."

"எனக்கும் முடியலையா?"

"உடம்பு முடியலையா? எங்க வலிக்குது?" நெற்றியைத் தொட்டேன். சுடவில்லை.

"வலிக்கல. முடி இல்ல. அம்மா மாதிரி." கொத்தை எடுத்துக் காட்டினாள். "அம்மா சொல்லிட்டே இருப்பாங்களே, முடியல முடியலன்னு. அப்புறம்தானே செத்துப்போனாங்க."

புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மனைவிக்கு மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போனது. கட்டிலில் புரண்டு படுக்கும்போது, முடியல என்பாள். உடம்பு சொன்ன வார்த்தை. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அதைத் தலையோடு பொருத்திக்கொண்டது. முடி போனால் ஆள் போய்விடும். இறுகப் பின்னி வைத்தால் ஒரு முடிகூடப் போகாது.

ஃபோனில், குளத்தில் யாரோ தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது.

முக்காலியைச் சுற்றி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"சுண்டெலி, முடியலன்னா முடி இல்லன்னு அர்த்தம் இல்ல. அசதியா இருக்கு, தெம்பு இல்லன்னு அர்த்தம். அம்மா வயித்துல ஒரு நோய் இருந்துச்சு. அதுக்குக் குடுத்த மருந்துலதான் முடி கொட்டுச்சு. முடி கொட்டினதால அம்மா சாகல."

"எனக்கு அந்த நோய்?"

"இல்ல."

"நிறைய சாப்ட்டுட்டு நீகூட முடியலடீன்னு சொல்வியே?"

"அது வயிறு நிறைஞ்சதுக்கு."

"அதுக்கும் இந்த முடிக்கும் சம்பந்தமே இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் ஒரே மாதிரி வெச்சாங்க?"

கல்லூரியில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை.

"அடியே சுண்டெலி," என்றாள் கொழுந்தி. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சீப்புல வந்த முடி இன்னிக்குக் கொட்டினது இல்லடி. தினமும் எல்லாருக்கும் கொஞ்சம் கொட்டும். உன்னோடது போக வழியில்லாம பின்னலுக்குள்ள மாட்டிக்கிச்சு. பஸ்ல கதவு திறக்கலன்னா எல்லாரும் உள்ளயே நிப்பாங்கல்ல? இப்பத் திறந்தாச்சு. மொத்தமா இறங்குறாங்க."

"எல்லாருக்கும் கொட்டுமா? அப்பாவுக்கும்?"

"உங்கப்பாவுக்கா? பின்னாடி நின்னு பாரு. கால்பந்தே ஆடலாம்."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றேன்.

"தெரியும். அதான் சொன்னேன்."

மகள் சீப்பைப் பிடுங்கினாள். "குனி."

குனிந்தேன். வறட் வறட்டென்று சீவினாள். சீப்பில் வந்ததை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

"நேத்தும் கொட்டிச்சா?"

"கொட்டிச்சு."

"நேத்து நீ வேலைக்குப் போனே."

"போனேன்."

"நாளைக்கும் கொட்டுமா?"

"கொட்டும்."

"போயிட்டு வந்துடுவியா?"

"வந்துடுவேன்."

என் முடியையும் அவள் முடியையும் பக்கத்தில் பக்கத்தில் துண்டில் வைத்தாள். யோசித்தாள். பிறகு முக்காலியில் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, அவுத்து விடு."

அதுவரை அவள் ஒரு தடவைகூட வலி என்று சொல்லவில்லை என்பது, அவள் கத்த ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஆ! வலிக்குது! மேல பிடிப்பா! சித்தி சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் இழுக்கறே? இதென்ன துடைப்பமா?"

"அங்க யாரு இந்தக் கத்து கத்தறது?" என்றாள் கொழுந்தி.

"உன் அக்கா பொண்ணுதான்."

"அதானே பார்த்தேன். அக்காவும் இப்படித்தான், சீப்பைக் கண்டாலே தெருவைக் கூட்டிடுவா."

எனக்குத் தெரியும். சிரித்துவிட்டேன். மகள் சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தாள். பாதித் தலையில் பின்னல், பாதித் தலையில் புதர்.

"சிரிக்காம சீவு."

அடுத்த பின்னலுக்குக் கை நீட்டினேன்.

"மெதுவா!" என்றாள், நான் தொடுவதற்கு முன்பே.